நீலத் தோணி வரைக்கும்

அவளுடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவளுக்கு இன்னும் கொஞ்சம் பேர் கிடைக்கும். இருக்கிற பேரையே என்னால் தாங்க முடியவில்லை. கல்முனைக்குடியில் அவள் கடற்கரை வீதிக்கு இறங்கினால், வீட்டுக்கு வீடு நின்று சுகம் விசாரித்து, கடலைக் காண அரை மணித்தியாலம் எடுக்கும். நான் இறங்கினால் இரண்டு நிமிடத்தில் கடலுக்குப் போய்விடுவேன். என்னை யாரும் மறிப்பதில்லை.

வாயால் ராத்தா என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட மூன்று வயது மூத்தவள், அந்த மரியாதையில் நான் குறை வைத்ததில்லை. மனதுக்குள் மட்டும் அவள், இவள். அவளோ என்னைப் 'புள்ள' என்பாள். எனக்கு நாற்பத்தாறு வயது. பிரதேச செயலகத்தில் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறவர்கள் 'மிஸ்' என்று சொல்லித்தான் வாயைத் திறப்பார்கள். அப்படிப்பட்ட என்னை நடுவீதியில் வைத்து, "என்ன புள்ள, நொண்டுறீங்க?" என்று கேட்க அவளால் முடிந்தது.

நான் நொண்டியதற்குக் காரணம் பிறகு வரும்.

எங்கள் இருவருக்கும் ஒரே வருத்தம், இரத்தத்தில் சீனி. ஒரே கிளினிக், காத்துக் குந்தியிருக்க ஒரே வாங்கு. அங்கிருந்த டொக்டர் எங்களைப் போன்ற பெண்களுக்குக் குளிசை எழுதி எழுதி அலுத்துப்போய், ஒரு நாள் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டினார். பெண்களுக்கு மட்டும் ஓட்டப் பயிற்சி, ஒன்பது கிழமை. பின்னேரங்களில் பெண்கள் பாடசாலை மைதானம், சுற்றிவரத் தகர வேலி, எந்த ஆணும் எட்டிப் பார்க்க முடியாது. முதல் கிழமையில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. கடைசிக் கிழமையில் நிற்காமல் அரை மணித்தியாலம். பதினெட்டுப் பேர் சேர்ந்தோம்.

முதல் நாள், இதற்கு முன் ஓடியிருக்கிறீர்களா என்று பயிற்சி தந்த இளம் டீச்சர் ஒவ்வொருவரையும் கேட்டார். பள்ளிக் காலத்தில் இருநூறு மீற்றரில் நான்தான் முதலாவது என்று சொன்னேன். கேட்காதவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். அடுத்தது அவள்.

"நான் கடைசியா ஓடினது எங்கட உம்மா ஈக்கில் கட்டோட தொரத்தக்குள்ள, டீச்சர்."

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதோடு என் இருநூறு மீற்றரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். என் பொறாமை அந்த இடத்தில்தான் தொடங்கியது. நாளும் நேரமும்கூட என்னால் சொல்ல முடியும்.

கடைசி நாள் அரை மணித்தியாலத்தில் நான் ஒன்பது சுற்று ஓடினேன். அவள் ஐந்தரை. விசில் ஊதியபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, மண்ணில் குந்திவிட்டேன். அவள் வியர்த்த முகத்தோடு, பக்கத்தில் ஓடியவளுக்கு ஏதோ ஒரு கலியாணக் கதையைச் சொல்லி முடித்துக்கொண்டிருந்தாள். ஓடிக்கொண்டே கதைத்திருக்கிறாள்! மற்றவர்கள் ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். எனக்கு ஒருத்தி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். அவ்வளவுதான்.

பயிற்சி முடிந்த பிறகுதான் உண்மையான சோதனை. டீச்சர் இல்லை, விசில் இல்லை, எதிர்பார்த்திருக்க ஒரு சான்றிதழும் இல்லை. மைதானத்தையும் பாடசாலை விடுமுறையோடு பூட்டிவிட்டார்கள். ஒருத்திக்கு மகளின் பிள்ளைப்பேறு, ஒருத்திக்கு மாமியாரின் சொல், ஒருத்திக்கு வெறும் சோம்பல். இரண்டு கிழமைக்குள் பதினெட்டுப் பேரில் நாங்கள் இருவர் மிஞ்சினோம். அவள் ஏன் தொடர்ந்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் தொடர்ந்தது அவள் விடாதபடியால்.

விடியற்கால சுபஹுத் தொழுகை முடிந்து ஆண்கள் பள்ளியிலிருந்து தேத்தண்ணிக் கடைக்குத் திரும்புவார்கள். கரைவலைக்காரர் இன்னும் வந்திருக்கமாட்டார்கள். அந்த இடைவெளியில் கடற்கரை எங்களுடையது. வீதி முடிகிற இடத்தில் தொடங்கி வடக்கே ஓடுவோம். அங்கே ஒரு பழைய நீலத் தோணி குப்புறக் கிடந்தது. அடியில் ஓட்டை, யாருடையது என்று யாருக்கும் தெரியாது. அதைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்புவோம். போய்வர மூன்று கிலோமீற்றர் என்று என் மணிக்கூடு சொல்லும். கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய மணிக்கூடு அது. இதயத் துடிப்பைக்கூடக் காட்டும். அவளுக்கு மணிக்கூடே இல்லை. சூரியன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வாள்.

சப்பாத்தும் மகன் அனுப்பியதுதான். அவளுடையது சந்தையில் நடைபாதையில் பேரம் பேசி வாங்கியது, அதுவும் அவள் காலுக்கு ஒரு இலக்கம் பெரிது.

"ஓடக்குள்ள கால் வீங்கும் புள்ள. வெரலுக்கு எடம் வேணும். நீங்களும் ஒரு நம்பர் பெரிசா எடுங்க."

நடைபாதைச் சப்பாத்துப் போட்டவளா எனக்குப் புத்தி சொல்வது? நான் கேட்கவில்லை. மூன்றாம் கிழமையில் பெருவிரல் நகம் கறுத்தது. ஐந்தாம் கிழமையில் கழன்று சொக்ஸுக்குள் விழுந்தது. நொண்டிய கதை இதுதான். அவளிடம் கல்லில் அடிபட்டது என்று சொன்னேன்.

அவள் தையல்காரி. ஓடுவதற்கென்று தன் அபாயாவின் கீழ்ப்பக்கத்தை அகலமாக்கி, கால் தடுக்காதபடி மடிப்பு வைத்துத் தைத்துக்கொண்டாள். தொடை உரசிப் புண்ணாகாமல் இருக்க, புருஷனின் பழைய சாரனைக் கிழித்து உள்ளே போட ஒரு காற்சட்டையும் தைத்திருந்தாள். தோய்த்துத் தோய்த்துப் பஞ்சாகிப் போன துணி. எனக்கோ அந்த நாட்களில் தொடை எரிந்து, அலுவலகத்தில் வாத்து நடை. யாரிடம் சொல்வது? நான் சொல்லாமலே ஒரு நாள் பத்திரிகைத் தாளில் சுற்றிய பொதி ஒன்றைக் கையில் வைத்தாள்.

"புதுத் துணிதான் புள்ள, நாலு தரம் தோய்ச்சிட்டன். போட்டுப் பாருங்க, வெக்கப்படாதீங்க."

அலுமாரியின் அடியில் போட்டுவிட்டேன். அடுத்த கிழமை எரிச்சல் தாங்காமல் எடுத்துப் போட்டேன். அவ்வளவு சுகம். அந்தச் சுகத்துக்காகவும் அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது.

ஆனால் என்னை உள்ளே அரித்தது சப்பாத்தோ சாரன் துணியோ அல்ல. அவளுடைய ஒரு சொல். நான் நூறு அடி முன்னால் போய், திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் வேகமா வாங்களேன் ராத்தா" என்பேன்.

"நாளைக்கும் வரணுமே புள்ள."

எதற்கும் அதுதான் பதில். கூடக் கொஞ்சம் ஓடுவோமா என்றாலும் அதுதான். கலியாண வீட்டில் சகன் தட்டைச் சுற்றி ஆறு பேர் குந்தியிருக்கும்போது, இன்னொரு இறைச்சித் துண்டை அவள் பக்கம் தள்ளினாலும், "நாளைக்கும் திங்கணுமே" என்று திருப்பித் தள்ளிவிடுவாள். நான் ஒவ்வொரு நாளும் என்னையே தோற்கடிக்க ஓடினேன். பாதி நாட்கள் தோற்றேன். தோற்ற நாட்களில் வீட்டில் பாத்திரம் உடைந்தது. அவள் ஒரு நாளும் தோற்கவில்லை. அவள் எதிலும் போட்டியிடவே இல்லையே, எப்படித் தோற்பாள்?

மனம் வராத நாட்களுக்கும் அவளிடம் ஒரு வழி இருந்தது. "சப்பாத்த மட்டும் போட்டுக்கிட்டு கேட் வரைக்கும் வாங்க. அங்க நிண்டு, வேணாம் எண்டா கிறுகிப் போய்ப் படுங்க. நான் ஒண்டும் சொல்லமாட்டன்." கேட் வரைக்கும் வந்தவள் எவள் திரும்பிப் போவாள்? இதைக்கூட நான் கண்டுபிடிக்கவில்லையே என்று எரிந்தது.

கிளினிக்கில் டொக்டர் அவளுடைய அட்டையை எடுத்து எனக்குக் காட்டினார். எனக்கும் சீனி குறைந்துதான் இருந்தது. அவளுக்குக் கூடக் குறைந்திருந்தது. அன்றிரவு சோறு தின்றுகொண்டிருந்த என் மனிசன் ஒரு வார்த்தை சொன்னார்.

"அந்த ராத்தாட முகத்தில இப்ப ஒரு தெளிவு இரிக்கி."

அவருக்கு வைக்க எடுத்த மீன் துண்டை மறுபடி சட்டிக்குள் போட்டேன்.

இப்படி ஏழெட்டு மாதம் போனது. ஒரு நாள் மதியம், லுஹர் தொழுகைக்குப் பிறகு, அரிசி ஆலையில் வேலை செய்த அவளுடைய புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினார். எழும்பவில்லை. நாங்கள் போகும்போது மையித்தை மண்டபத்தில் கிடத்தியிருந்தார்கள். அவள் சுவரோடு சாய்ந்து, சத்தம் போடாமல், கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். என்னைக் கண்டதும், "புள்ள, மச்சான் போயிட்டாருகா" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை.

அழுதுகொண்டிருக்கும்போதே எனக்குள் ஒரு நினைப்பு வந்தது. இனி இவள் இத்தா இருக்க வேண்டும். புருஷன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டோடு இருக்க வேண்டும், வெள்ளை உடுப்போடு, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல், கேட்டைத் தாண்டாமல். நாலு மாதமும் பத்து நாளும் இவளால் ஓட முடியாது. நான் ஓடுவேன்.

அவளுடைய தோளில் முகத்தை வைத்துக்கொண்டுதான் இதை நினைத்தேன். இந்த நினைப்புக்காக நான் எத்தனையோ முறை அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பாச் செய்திருக்கிறேன். ஆனாலும் நினைத்தேன் என்பதை மறைத்தால், பிறகு இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

அடுத்த எட்டு நாளும் நான் கடற்கரையில் பறந்தேன். மணிக்கூடு ஒவ்வொரு நாளும் புதிய வேகம் காட்டியது. நீலத் தோணியை அறைந்துவிட்டுத் திரும்புவேன். திரும்பினால் முன்னால் வெறும் மணல். அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டிக்கொண்டு, மூச்சோடு மூச்சாகக் கதைத்துக்கொண்டு வருகிற உருவம் இல்லை. முந்துவதற்கு ஆள் இல்லாத இடத்தில் வேகத்தை யாரிடம் காட்டுவது? ஒன்பதாம் நாள் தூறல் என்று நின்றேன். பத்தாம் நாள் தலையிடி. பதினோராம் நாள் ஒன்றுமே இல்லை, தூறலும் இல்லை தலையிடியும் இல்லை, நான் எழும்பவில்லை. அதற்குப் பிறகு சப்பாத்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

அந்த வெள்ளிக்கிழமை அவளிடமிருந்து போனில் கோல் வந்தது.

"ஓடினீங்களா புள்ள?"

இத்தாவில் இருக்கிற ஒரு மனிசி, வீட்டுக்குள் அடைந்திருந்துகொண்டு என்னை விசாரிக்கிறாள். நான் கட்டிலில் கிடக்கிறேன்.

"ஓம் ராத்தா. நீலத் தோணி வரைக்கும் போய் வந்தன்."

"கடல் எப்பிடி?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். "அலையே இல்ல ராத்தா. குளம் மாதிரிக் கிடக்கி. கரை நெடுக நண்டு ஓடுது."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோல் வந்தது. ஓடினீங்களா, கடல் எப்பிடி. நான் தேர்ந்துவிட்டேன். ஒரு கிழமை கரைவலையில் சூடை மீன் வெள்ளியாகக் கொட்டியது. ஒரு கிழமை கடல் கலங்கி, அலை அபாயாவின் விளிம்பை நனைத்தது. ஒரு கிழமை நீலத் தோணியின்மேல் ஏழு கொக்கு வரிசையாக இருந்தது, நான் கிட்டப் போனதும் ஒன்று மட்டும் பறக்கவில்லை. இவ்வளவையும் போர்வைக்குள் இருந்துகொண்டு சொன்னேன். உண்மையைச் சொல்லலாம்தான். சொன்னால், அவள் இல்லாமல் என்னால் ஓட முடியவில்லை என்று ஆகிவிடும். அதைச் சொல்வதைவிட நாக்கை அறுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் மாதம் அவளைப் பார்க்கப் போனேன். வெள்ளை உடுப்பில், கொஞ்சம் மெலிந்து இருந்தாள். பின்வளவில் கிணற்றுக் கட்டின்மேல் இரண்டு சிரட்டைகள். ஒன்றில் நிறையப் பேரீச்சம் விதை, மற்றதில் கொஞ்சம். எனக்கு நெஞ்சு கரைந்தது. மௌத்து வீட்டில் விதையை எண்ணி எண்ணி ஓதுவதை நாங்கள் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறோம். பாவம், புருஷனுக்காக இரவு பகலாக ஓதுகிறாள் என்று நினைத்தேன். அலுவலகத்திலும் சொன்னேன், அயலிலும் சொன்னேன். "அந்த ராத்தாவ இனி ஓட்டத்தில காண ஏலாது. சிரட்டை சிரட்டையா ஓதுறா." சொல்லும்போதே அதற்கும் பொறாமை வந்தது. நானும் ஒரு தஸ்பீஹ் மணிமாலையை எடுத்துக்கொண்டு மூன்று நாள் குந்தினேன். நாலாம் நாள் அதுவும் கட்டிலுக்கு அடியில்.

மூன்றாம் மாதம், எங்கள் வீட்டில் குர்ஆன் கத்தம் ஓதி ஆக்கிய கஞ்சியை அவளுக்குக் கொடுக்கலாம் என்று சுபஹுக்குப் பிறகு வாளியோடு போனேன். கேட் உள்ளே கொண்டி போட்டிருந்தது. கூப்பிட வாயெடுத்தபோது ஒரு சத்தம் கேட்டது. தப், தப், தப். கேட்டின் இடைவெளியால் பார்த்தேன்.

அவள் ஓடிக்கொண்டிருந்தாள். உயர்ந்த மதிலுக்குள், வீட்டைச் சுற்றி, வெள்ளை உடுப்பை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதே ஆமை வேகத்தில். கிணற்றடிக்கு வரும்போது ஒரு விதையை எடுத்து அடுத்த சிரட்டைக்குள் போட்டாள். உதடு அசைந்தது. ஒரு சுற்றுக்கு நபி மேல் ஒரு ஸலவாத்து. பிறகு மாமரம், குசினிப் பக்கம், திரும்பவும் கிணறு. கால் பட்ட இடமெல்லாம் புல் செத்து, வீட்டைச் சுற்றி ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. அது ஒரு கிழமையில் விழுகிற பாதை இல்லை.

நான் கூப்பிடவில்லை. கஞ்சி வாளியோடு திரும்பி வந்துவிட்டேன். கேட்ட என் மனிசனிடம், "ராத்தா ஓதிக்கிட்டு இரிக்கா, தொந்தரவு குடுக்கல்ல" என்றேன்.

அன்று வெள்ளிக்கிழமை. பத்து மணிக்குக் கோல் வந்தது.

"ஓடினீங்களா புள்ள?"

"ஓம் ராத்தா. நீலத் தோணி வரைக்கும்."

"கடல் எப்பிடி?"

சொன்னேன். அன்று நான் சொன்ன கடல் நன்றாக இல்லை.

அதே கிழமை சந்தையில் அவளுடைய மதினியைச் சந்தித்தேன். புருஷனின் மூத்த சகோதரி, ஊருக்கே சட்டம் சொல்கிற மனிசி. "எங்கட தம்பிட பெண்சாதி ஒழுங்கா இத்தா இரிக்காளா புள்ள? நீங்கதானே போய் வாறீங்க?" என்று கேட்டாள். நான் கண்டது என் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒரு வார்த்தை போதும். வளவுக்குள் ஓடுவதில் மார்க்கத்தில் பிழை ஏதும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த மனிசி அடுத்த பத்து நிமிடத்தில் அந்த கேட்டில் நிற்பாள், அந்தப் பாதையில் ஒரு மாதத்தில் புல் முளைத்துவிடும்.

"ஓதிக்கிட்டே இரிக்கா மாமி" என்றேன்.

நல்ல மனதால் சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம். அவள் ஓடுகிறாள் என்று சொன்னால் அடுத்த கேள்வி 'நீங்க?' என்று வரும். அதற்குப் பயந்தேன்.

இத்தா முடிந்து, குளித்து, ஏழைகளுக்குச் சோறு கொடுத்த அன்று பின்னேரம் கோல் வந்தது. "நாளைக்கு வாறன் புள்ள. அதே நேரம்."

கட்டிலுக்கு அடியிலிருந்து சப்பாத்தை எடுத்தேன். உள்ளே சிலந்தி வலை. துடைத்துப் போட்டுக்கொண்டு விடியற்காலையில் வீதி முடிவில் நின்றேன். அவள் வந்தாள். கடலைக் கண்டதும் ஒரு நிமிடம் அப்படியே நின்றாள், வாய் ஏதோ ஓதியது. பிறகு என் கையைப் பிடித்து, "வாங்க" என்றாள்.

என்ன நடக்கும் என்று நினைத்தேனோ அதுதான் நடந்தது. முன்னூறு அடியில் எனக்கு மூச்சு முட்டியது. நான் அவளுக்கு முன்னால் இல்லை, பக்கத்திலும் இல்லை, பின்னால். அவள் வேகம் கூட்டவில்லை. அதே ஆமைதான். பல்லைக் கடித்துக்கொண்டு இழுபட்டேன். நீலத் தோணி வரைக்கும் போய்விட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், ஏதாவது சாட்டுச் சொல்லலாம் என்று கண்ணை அங்கேயே வைத்துக்கொண்டு ஓடினேன். ஓடினேன், ஓடினேன், தோணி வரவில்லை.

நின்றுவிட்டேன். "தோணி எங்க ராத்தா?"

வாயால் வந்த பிறகுதான் விளங்கியது. போன வெள்ளிக்கிழமைகூட அந்தத் தோணியைத் தொட்டு வந்ததாகச் சொன்னவள் நான்.

அவள் கிட்ட வந்தாள். முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை, மணலைப் பார்த்தேன்.

"அத ரெண்டு மாசத்துக்கு முன்னுக்கே ஒடைச்சி வெறகுக்குக் கொண்டு போயிட்டாங்க புள்ள. மீன்காரர் எங்கட மகளோட கதைக்கக்குள்ள மதிலுக்கு இஞ்சால எனக்குக் கேட்டிச்சி."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"தெரிஞ்சும் ஏன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்டீங்க? என்னப் பைத்தியக்காரி ஆக்கவா?" எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

அவள் சிரிக்கவில்லை. "நீங்க சொல்ற கடல் நல்லா இருந்திச்சி. எங்கட வளவில என்ன இரிக்கி, கிணறும் குசினியும். மச்சான்ட சைக்கிள் வேற சுவரோட சாத்தி வெச்ச மாதிரியே நிண்டுது. ஒவ்வொரு சுத்துக்கும் அதக் காணணும். நான் வீட்டச் சுத்தி ஓடல்ல புள்ள. நீங்க சொன்ன கடல் ஓரமாத்தான் நாலு மாசமும் ஓடினன். அந்தப் பறக்காத கொக்கு இரிக்கே, அத எத்தின நாள் வெச்சிருந்தன் தெரியுமா?"

நான் மணலில் குந்திவிட்டேன். என்னுடைய பொய். நானே செய்தது. அதில் நான் படுத்துக் கிடந்தேன், அவள் ஓடியிருக்கிறாள். அதையும் அவளே கொண்டுபோய்விட்டாள் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் எனக்கு வந்தது பொறாமைதான்.

"எழும்புங்க" என்றாள். "மொதலாங் கிழமையில இருந்து வருவம். ஒரு நிமிசம் ஓட்டம், ரெண்டு நிமிசம் நட."

"நீங்க ஓடுங்க. உங்களுக்கு நடக்கத் தேவல்ல."

"நாளைக்கும் வரணுமே புள்ள" என்று கையை நீட்டினாள்.

அந்த ஒன்பது கிழமையும் அவள் என்னோடு நடந்தாள். என் கண் அவளுடைய சப்பாத்தில் விழும், அவள் வேண்டுமென்றே நடக்கிறாள் என்று தெரியும். ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. புதுச் சப்பாத்து வாங்கியபோது ஒரு இலக்கம் பெரிதாக வாங்கினேன். அதை அவள் பார்த்தாள்.

போன வருஷம் அவள் பொத்துவிலுக்குப் போய்விட்டாள். மருமகனுக்கு அறுகம்குடாப் பக்கம் ஹோட்டலில் வேலை, மகள் தனியாக இருக்க ஏலாது என்று இவளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். இப்போது வெள்ளிக்கிழமைகளில் நான்தான் கோல் எடுக்கிறேன்.

"ஓடினீங்களா ராத்தா?"

"ஓம் புள்ள."

"கடல் எப்பிடி?"

பொத்துவில் கடலைப் பற்றிச் சொல்வாள். எங்களுடையதைவிட நீளமாம், மணல் மெதுவாம். தூரத்தில் ஒரு கறுத்தப் பாறை இருக்கிறதாம், அதைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவாளாம். கேட்டு முடிந்ததும் எனக்கு வயிறெரியும். அந்த எரிச்சலில் அடுத்த நாள் நன்றாக ஓடுவேன்.

போன மாதம் ஒரு கலியாணத்துக்கு அவளுடைய மகள் கல்முனைக்கு வந்திருந்தாள். உம்மா எங்கே, வரவில்லையா என்று கேட்டேன்.

"உம்மாக்கு முழங்கால் வீங்கி அஞ்சு மாசமா நடக்கவே கஷ்டம் மாமி. ஓடவே வேணாம் எண்டு டொக்டர் சொல்லிட்டார். வாசல்ல கதிரையப் போட்டுக்கிட்டுக் குந்தி இரிப்பா. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமையும் கோல் எடுத்தேன். ஓடினீங்களா என்று கேட்டேன். ஓம் என்றாள். கடல் எப்பிடி என்று கேட்டேன். நான் நாலு மாதத்தில் சொன்ன எந்தக் கடலும் அதற்குக் கிட்ட வராது. மழை விட்ட கையோடு வெளித்த வானம், மணலில் அவளுடைய காலடிக்குப் பக்கத்திலேயே போன ஒரு ஆமைக் குஞ்சின் தடம், பாறையின் அடியில் சூடாக இருந்த தண்ணீர். பொய் சொல்வதிலும் அவள் என்னை முந்திவிட்டாள். நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். எங்கள் கடற்கரையில் பாறை கிடையாது. அவள் சொன்ன அந்தப் பாறை வரைக்கும் போய்த்தான் திரும்பினேன்.